176.5 கட்-ஆஃப்: பக்கத்துக் கல்லூரியா, சென்னையா?

அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கில் 88, இயற்பியலில் 90, வேதியியலில் 87. பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 176.5. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஆறு முதல் எட்டு வரை ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, அப்புறம் பன்னிரண்டு வரை அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. தாய் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார்.

மகளுக்குச் சென்னைதான் வேண்டும். "கம்பெனி எல்லாம் அங்கேதானே இருக்கு" என்கிறாள். கணவரோ, பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லாமல், காலேஜ் பஸ் வீட்டு வாசலுக்கு வருகிற பக்கத்துத் தனியார் கல்லூரியே போதும் என்கிறார். உறவினர்கள், "அண்ணா யுனிவர்சிட்டின்னு பேர் போட்ட காலேஜா பார்த்துப் போடு" என்கிறார்கள். இதற்கிடையில் ஏஜென்ட் ஒருவர் வந்து, "176-க்கெல்லாம் கவுன்சலிங்கில் ஒன்றும் கிடைக்காது, சென்னையில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருகிறேன்" என்று 5,000 ரூபாய் முன்பணம் வாங்கிப் போயிருக்கிறார். கவுன்சலிங் லாகின் விவரத்தையும் கேட்கிறாராம். பெரிய கல்லூரிகளின் பெயரை எழுதி வாய்ப்பை வீணாக்காமல், கிடைக்கிற கல்லூரிகளை மட்டும் எழுதினால் போதுமா என்பது தாயின் முக்கியமான கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் மற்ற எல்லாக் கணக்கையும் அது மாற்றிவிடும். "7.5 சதவீதம் டாக்டர் படிப்புக்குத்தானே" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அந்த இட ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீட்டைத் தமிழக அரசு சட்டமாகக் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஊராட்சி ஒன்றியப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிதான். உங்கள் மகள் ஏழு வருடமும் தகுதியான பள்ளிகளில்தான் படித்திருக்கிறாள்.

இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. "ஹாஸ்டல் செலவுக்கு எங்கே போவது" என்ற பயத்தில்தானே நீங்கள் பாதி யோசனையை ஊர்ப் பக்கமே வைத்திருந்தீர்கள்? அந்தப் பயத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதோடு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். கல்லூரியில் சேர்ந்தபின் அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்தில் 7.5 ஒதுக்கீட்டுக்கான இடத்தைப் பூர்த்தி செய்தீர்களா, இரண்டு பள்ளிகளின் விவரமும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விட்டிருந்தால், உங்கள் மாவட்டத்திலுள்ள பொறியியல் சேர்க்கை சேவை மையத்துக்கு மகளோடு நேரில் போய்க் கேளுங்கள். அங்கே உதவி செய்வதற்குக் காசு கிடையாது. முதல் பட்டதாரிச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். 7.5-இல் இடம் வராமல் பொதுக் கலந்தாய்வில் வந்தால் கல்விக் கட்டணச் சலுகைக்கு அதுதான் கைகொடுக்கும்.

176.5-க்குக் கிடைக்குமா?

மதிப்பெண்ணை வைத்து யார் பதில் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான். கணக்குத் தேர்வு எளிதாக இருந்த வருடத்தில் அதே 176.5 வெகுதூரம் பின்னுக்குப் போய்விடும். கடினமாக இருந்தால் முன்னுக்கு வரும். ஆகவே பார்க்க வேண்டியது ரேங்க். தரவரிசைப் பட்டியல் வரும்போது உங்கள் மகளுக்குப் பொது ரேங்க் ஒன்றும், வகுப்புவாரி ரேங்க் ஒன்றும் இருக்கும். 7.5 ஒதுக்கீட்டுக்குத் தனித் தரவரிசை உண்டு. அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, பொறியியல் கலந்தாய்வுக்கான டிஎன்இஏ இணையதளத்தில் போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த ரேங்கில் முடிந்தது என்று பாருங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். கல்லூரிகள் கம்ப்யூட்டர் பிரிவில் இடங்களைக் கூட்டிக்கொண்டும் வேறு பிரிவுகளைக் குறைத்துக்கொண்டும் இருப்பதால், போன வருடத்துக் கோடு இந்த வருடம் அதே இடத்தில் நிற்காது.

இன்னொன்று. பெரும்பாலானவர்கள் ஓசி, அதாவது பொதுப் பிரிவுப் பத்தியைப் பார்த்துவிட்டு மனம் உடைந்துபோகிறார்கள். உங்கள் மகளுக்கு முதலில் பொதுப் பிரிவில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 சதவீதத்தில் பார்ப்பார்கள். ஆகவே நீங்கள் விரல் வைக்க வேண்டியது பிசி பத்தியில். ஏஜென்ட் காட்டியது எந்தப் பத்தி என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

மேலே எழுதுவதால் எதுவும் வீணாகாது

இதுதான் உங்கள் முக்கியமான கேள்வி, பலருக்கும் இருக்கிற குழப்பமும் இதுதான். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம். ஒதுக்கீடு ரேங்க் வரிசையில் நடக்கும். உங்கள் மகளின் முறை வரும்போது, அவள் எழுதிய முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று கணினி பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. எங்கே முதலில் இடம் இருக்கிறதோ அங்கே நிற்கும். முதல் இருபது விருப்பங்களிலும் இடம் இல்லாவிட்டால்கூட இருபத்தொன்றாவதற்கான அவளுடைய உரிமை கொஞ்சமும் குறையாது. அவளைவிடப் பின்னால் இருக்கிற ஒருவர் அதே கல்லூரியை முதல் விருப்பமாக எழுதியிருந்தாலும் அவளுக்குப் பிறகுதான் அவருக்கு.

தலைகீழாகச் செய்தால்தான் நஷ்டம். "இது நிச்சயம் கிடைக்கும்" என்று ஒரு கல்லூரியை மேலே எழுதிவிட்டு, உண்மையில் பிடித்ததைக் கீழே எழுதினால், மேலே உள்ளது கிடைத்தவுடன் கணினி நின்றுவிடும். கீழே இருக்கிற நல்ல இடம் காலியாக இருந்தாலும் அவளுக்கு வராது. பட்டியலைப் பூட்டிய பிறகு வரிசையை மாற்றவும் முடியாது. கிண்டி பொறியியல் கல்லூரியையும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும் அவள் ஆசைப்பட்டால் தாராளமாக முதலில் எழுதட்டும். பொதுப் பிரிவில் அங்கே கம்ப்யூட்டர் 200-க்கு மிக அருகில் முடிகிறது என்பதால் எதிர்பார்ப்பை மட்டும் அடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

உறவினர்கள் சொல்வதில் பாதிதான் சரி. கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக், எம்.ஐ.டி. ஆகியவை அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். திருச்சி, பட்டுக்கோட்டை ராஜாமடம், திருக்குவளை, ராமநாதபுரம், அரியலூர் போன்ற ஊர்களில் இருப்பவை உறுப்புக் கல்லூரிகள். காரைக்குடி அழகப்பச் செட்டியார் கல்லூரி, தஞ்சாவூருக்கு முன்னால் செங்கிப்பட்டியில் இருப்பது, திருச்சிக்கு அருகே சேதுராப்பட்டியில் இருப்பது எல்லாம் அரசுக் கல்லூரிகள். அப்புறம் நூற்றுக்கணக்கான தனியார் இணைப்புக் கல்லூரிகள். இந்த எல்லாக் கல்லூரிகளிலும் பட்டம் தருவது அண்ணா பல்கலைக்கழகம்தான். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வை அவர்களே நடத்துவார்கள், பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். பட்டத்தில் பெயர் இருக்கிறது என்பதால் கிண்டியும் கிராமத்தில் இருக்கிற கல்லூரியும் ஒன்றாகிவிடாது. உறுப்புக் கல்லூரி என்பதாலேயே நல்ல தனியார் கல்லூரியை அது மிஞ்சிவிடும் என்றும் சொல்ல முடியாது.

உறுப்புக் கல்லூரிகளிலும் அரசுக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு, அது பெரிய பலம். அதைத் தாண்டி ஒவ்வொரு கல்லூரியிலும் கேட்க வேண்டியவை உண்டு. அவள் சேர நினைக்கும் பிரிவில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், தற்காலிகமானவர்கள் எத்தனை பேர்? அந்தப் பிரிவுக்கு, படிப்பின் தரத்தைப் பார்த்துத் தேசிய வாரியம் தருகிற என்பிஏ அங்கீகாரம் இருக்கிறதா? தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்கு, பருவத் தேர்வுகளில் கல்லூரிவாரியாக எத்தனை சதவீதம் தேர்ச்சி என்று பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, அதைத் தேடிப் பாருங்கள். கல்லூரி வாசலில் இருக்கிற வேலைவாய்ப்பு பேனரைவிட, மூன்றாம் வருடம் படிக்கிற பெண்கள் இரண்டு பேரிடம் பேசுவது எவ்வளவோ மேல். லேப் ஒழுங்காக நடக்கிறதா, வாத்தியார் வருகிறாரா, போன வருடம் எத்தனை அக்காக்களுக்கு வேலை கிடைத்தது என்று உங்கள் மகளே கேட்கட்டும்.

இடம்: தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள்

உங்கள் கணவரின் கவலையை நான் மதிக்கிறேன். கடல் தாண்டி இருக்கிற ஒருவர், மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால்தான் தூங்க முடியும். ஆனால் வாசலுக்குப் பஸ் வருகிறது என்பதால் அந்தக் கல்லூரி பக்கத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரிப் பஸ் ஒவ்வொரு ஊராகச் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு போகும். காலை ஆறரைக்கு ஏறுகிற பிள்ளை ஐந்து மணிக்கே எழுந்திருக்க வேண்டும். மாலை இறங்கும்போது ஆறு, ஆறரை. அப்புறம் ரெக்கார்ட் நோட்டு, குளியல், சாப்பாடு. கோடிங் பயிற்சி, கல்லூரிச் சங்கக் கூட்டம், கம்பெனித் தேர்வுக்கான வகுப்பு எல்லாம் பெரும்பாலும் நாலரை மணிக்குப் பிறகுதான் தொடங்கும். அந்த நேரத்தில் பஸ்ஸும் கிளம்பிவிடும். முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்த மாலை இரண்டு மணி நேரம் மிக முக்கியம். நான் பார்த்த வரையில், வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பெண்கள் விடுதியில் சக மாணவிகளோடு உட்கார்ந்துதான் தேறி வருகிறார்கள். பஸ் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு என்றும் கேட்டு வையுங்கள், அது கல்விக் கட்டணத்தில் சேராது.

மகள் சொல்கிற சென்னை வாதத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கம்பெனிகள் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) இருப்பதால் பக்கத்திலிருக்கிற எல்லாக் கல்லூரிக்கும் அவை வந்துவிடாது. எந்தக் கல்லூரியில் பிள்ளைகள் தேறுகிறார்களோ அங்கேதான் வருகிறார்கள். முதல் கட்டத் தேர்வை இப்போது பெரும்பாலும் ஆன்லைனில்தான் நடத்துகிறார்கள். இன்டர்ன்ஷிப் என்று ஒன்று உண்டு, அதை விடுமுறையில் சென்னைக்கு வந்தும் செய்யலாம். சென்னையின் நல்ல கல்லூரிக்கும் காரைக்குடிக்கும் இடையில் என்றால் சென்னைக்கு என் ஓட்டு. சென்னையின் புறநகரில் யாருக்கும் தெரியாத ஒரு கல்லூரிக்கும் காரைக்குடி அரசுக் கல்லூரிக்கும் இடையில் என்றால், காரைக்குடி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1952-இல் தொடங்கிய கல்லூரி அது. அறந்தாங்கியிலிருந்து ஒரு மணி நேரச் சொச்சத்தில் போய்விடலாம், ரயிலும் இருக்கிறது. விடுதியில் தங்கி, வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து போகலாம். உங்கள் கணவர் கேட்கிற நிம்மதியும் மகளுக்கு வேண்டிய மாலை நேரமும் இதில் சேர்ந்தே கிடைக்கும். திருச்சி உறுப்புக் கல்லூரி, செங்கிப்பட்டி, சேதுராப்பட்டி ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

தாம்பரத்தில் நாத்தனார் வீட்டில் தங்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்ந்த புதிதில் ஒரு வாரம் தங்கலாம். நான்கு வருடம் வேண்டாம். இரண்டு அறை வீட்டில் அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செமஸ்டர் தேர்வு நேரத்தில் உறவுக்குள் மனவருத்தம் வந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது உங்கள் மகள்தான்.

பட்டியலில் மேலே வரக்கூடிய இரண்டு மூன்று கல்லூரிகளையாவது விருப்பம் பதிவதற்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. முதலாமாண்டுப் பெண்களுக்கு வளாகத்துக்குள்ளேயே விடுதி உண்டா, வெளியே வாடகைக் கட்டடமா? வார்டன் அங்கேயே தங்குகிறாரா? இரவில் உடம்பு சரியில்லை என்றால் யார் கூட்டிப்போவார்கள்? திரும்பும்போது வேண்டுமென்றே சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். அங்கிருந்தே கணவருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டுங்கள். கண்ணால் பார்த்தால் அவர் பயத்தில் பாதி குறையும். மீதிப் பாதி நியாயமானதாக இருந்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எடுத்துவிடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று, போக மனமில்லாத கல்லூரியையும் கடைசியில் எழுதுவார்கள். அது கிடைத்துவிட்டால் வீட்டில் சண்டை. மூவரும் சம்மதித்த பெயர் மட்டும் பட்டியலில் இருக்கட்டும். ஆனால் அந்தப் பெயர்கள் நிறைய இருக்கட்டும். கல்லூரி முக்கியமா, பிரிவு முக்கியமா என்றும் முன்பே பேசி வையுங்கள். கம்ப்யூட்டர் கிடைக்காமல் நல்ல அரசுக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தால் அவளுக்குச் சம்மதமா? இதைக் கடைசி நாள் ராத்திரி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது.

ஒதுக்கீடு வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறுகிய நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்று சொல்லலாம். ஏற்றுக்கொள்கிறேன், மேலே உள்ள விருப்பம் காலியானால் அதையும் பாருங்கள் என்றும் சொல்லலாம். மறுத்துவிட்டு மேலுள்ளதற்கோ அடுத்த சுற்றுக்கோ காத்திருக்கவும் வழி உண்டு. உங்கள் நிலையில் இரண்டாவதுதான் பொதுவாகப் பாதுகாப்பானது, கையில் இருப்பதை விடாமல் மேலே பார்க்கலாம். குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டி உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும், அதனால் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். கிடைத்த இடம் 7.5-இல் வந்ததா, பொதுக் கலந்தாய்வில் வந்ததா என்று ஆணையில் பாருங்கள். அரசு முழுக் கட்டணத்தையும் ஏற்பது 7.5-இல் வந்த இடத்துக்குத்தான். இரண்டிலும் வந்தால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அப்போது விடுதியையும் சேர்த்து நான்கு வருடச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஏஜென்ட் விஷயம்

லாகின் விவரத்தை யாருக்கும் தராதீர்கள். அந்தக் கையில் அது போனால், அவருக்குக் கமிஷன் தருகிற கல்லூரிகளின் பெயர்களே பட்டியலில் மேலே ஏறும். பூட்டிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர்காரரின் செல்போன் எண்ணைக் கொடுத்திருந்தால் உடனே சேவை மையத்தில் சொல்லி உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள், ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

மேனேஜ்மென்ட் இடத்துக்கு 7.5 சலுகையும் கிடையாது, முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. இந்த மதிப்பெண்ணுக்கு அந்த இடம் உங்களுக்குத் தேவையே இல்லை. கல்லூரிகள் நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ரசீது இல்லாமல் யாரிடமும் இனி பணம் தராதீர்கள். மகளின் அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை, ஏஜென்டிடம் கொடுத்திருந்தால் முதலில் அதை வாங்குங்கள். அப்புறம் அந்த 5,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள், வாய்ப் பேச்சாக வேண்டாம். தேதி, தொகை, எதற்குக் கொடுத்தீர்கள் என்று மூன்றும் அதில் இருக்கட்டும். தரவில்லை என்றால் அந்தச் செய்தியைக் காட்டி உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.